பணவீக்கம் இறங்கினால் விலை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: ஐயா, கல்லூரியில் முதலாண்டு பொருளாதாரம் படிக்கிறேன். 2022-க்குப் பிறகு மலேசியாவில் பணவீக்கம் இறங்கிக்கொண்டே வந்தது என்றார் விரிவுரையாளர். வீட்டில் சொன்னால் அம்மா, “எந்தக் கடையிலடா இறங்கியிருக்கு, சொல்லு, போய் வாங்கிட்டு வரேன்” என்கிறார். யார் சொல்வது சரி?
- மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டு பேரும் சரிதான், தம்பி. விரிவுரையாளர் பேசியது விலை ஏறும் வேகத்தை. அம்மா பேசுவது விலையை.

நம் புள்ளிவிவரத் துறையின் கணக்கையே எடுங்கள். பணவீக்கம் 2022-இல் 3.3 விழுக்காடு, 2023-இல் 2.5, 2024-இல் 1.8. நன்றாக இறங்குகிற மாதிரிதான் இருக்கிறது. இப்போது 2021-இல் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய சாமான்களை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். 2022-இல் 103 வெள்ளி 30 காசு. அடுத்த வருடம் 105 வெள்ளி 88 காசு. 2024-இல் 107 வெள்ளி 79 காசு. எந்த வருடமாவது பில் குறைந்ததா? ஈப்போ பஸ் வேகத்தைக் குறைத்தாலும் ஈப்போவை நோக்கித்தான் போகும், சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வராது.

நான் காலையில் போகும் ஒட்டுக்கடையின் விலைப்பலகையில் ரொட்டி சானாய்க்கு நேரே வெள்ளைத் தாள் ஒட்டி, மார்க்கரில் விலை எழுதியிருப்பார்கள். ஓரம் பிரிந்த இடத்தில் அடியில் இன்னொரு தாள் தெரியும். மேல் தாளைப் பிய்த்துவிட்டுப் பழைய விலைக்குப் போன கடைக்காரரை நான் பார்த்ததில்லை. மாவும் எண்ணெயும் ஒரு வாரம் மலிந்தாலும் வேலையாள் சம்பளத்தையும் கடை வாடகையையும் யார் குறைப்பார்கள்?

அம்மா பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. பணவீக்கத்தை அளப்பது பயனீட்டாளர் விலைக் குறியீடு, அதாவது ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் சாமான் கூடையின் விலைக் கணக்கு. அதில் உணவுக்குக் கொடுத்திருக்கும் எடை, அதாவது பங்கு, ஏறக்குறைய 30 விழுக்காடு. மீதியில் வீடு, மின்சாரம், போக்குவரத்து, தொலைபேசி, துணிமணி எல்லாம் அடக்கம். தோட்டத்து லயத்திலோ தாமான் வீட்டிலோ சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிற குடும்பத்தின் கூடை அப்படி இருக்காது. 2022-இல் பொதுப் பணவீக்கம் 3.3 என்றபோது உணவு மட்டும் 5.8 விழுக்காடு ஏறியது. அம்மாவுக்குப் பட்டது அந்த 5.8.

விலை நிஜமாகவே இறங்கிய வருடமும் உண்டு. 2020-இல் குறியீடு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலேயே குறைந்தது. பெட்ரோல் மலிந்தது, மின் கட்டணத்தில் கழிவு கொடுத்தார்கள். அதே வருடம்தான் நாட்டின் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கி, நம் ஊரிலும் பலர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். விலை இறங்க வேண்டும் என்று வேண்டுவதற்கு முன் எதனால் இறங்க வேண்டும் என்றும் யோசியுங்கள்.

கேள்வி: அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 ஆனதே, 200 வெள்ளியும் லாபம்தானே?
- கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: கைக்கு வருவது 200. லாபம் அதைவிடக் குறைவு. 1,500 வெள்ளி வந்தது 2022 மே மாதம், 1,700 வந்தது 2025 பிப்ரவரியில். இடையில் 2023, 2024 பணவீக்கத்தைச் சேர்த்தால் விலைவாசி சுமார் 4.3 விழுக்காடு ஏறியிருக்கிறது. 1,700-ஐ 1.043-ஆல் வகுத்தால் 2022 விலையில் ஏறக்குறைய 1,630 வெள்ளி. சம்பளம் 13 விழுக்காடு ஏறியும் வாங்கும் சக்தி 8 அல்லது 9 விழுக்காடுதான் கூடியது. பாடத்தில் மெய் ஊதியம் என்று வருவது இதுதான். அப்பாவிடம் சொல்லும்போது, ஏற்றம் பொய்யில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளம் ஏறியதால்தான் விலை ஏறியது என்று கோப்பிக் கடையில் பேசுகிறவர்களுக்கு என் பதில்: 2022-இல் விலையை ஏற்றியதில் உக்ரைன் போரும் உலகச் சந்தையும் நம் குலை வெட்டுகிறவரை விடப் பெரிய பங்காளிகள்.

கேள்வி: அம்மா நாள் முழுக்கச் சமைக்கிறாரே, அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது நாட்டில் ஒரு வருடத்தில் உருவாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பில், சேருமா?
- மாணவர், கோலகங்சார்

பதில்: சேராது. அதே அம்மா ஒட்டுக்கடையில் சம்பளத்துக்குச் சமைத்தால் சேரும். அநியாயம்தான், ஆனால் விதி அப்படி. வேடிக்கை என்னவென்றால், சாப்பாட்டுக்காக வீட்டுக்குப் பின்னால் போட்ட வெண்டைக்காய் கொள்கையளவில் கணக்கில் வரும், அதை வதக்கும் உழைப்பு வராது. சொந்தப் பயனுக்கான பொருள் சேரும், வீட்டார் தமக்குத் தாமே செய்துகொள்ளும் சேவை சேராது. முக்கிய விதிவிலக்கு, சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே கொடுப்பதாகக் கணக்கிடும் வாடகை. அது சேரும். தேர்வில் இந்த விதிவிலக்கை எழுத மறந்துதான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்.