அடிபடாத விரலையும் ஏன் வெட்டினார்கள்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். கவாத்துக் கத்தி பட்டு இடது கை ஆள்காட்டி விரல் நுனிச் சதை போய், எலும்பு தெரிந்தது. கோவையில் ஆபரேஷன் செய்து நடுவிரலோடு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளாகிறது. நல்ல விரலையும் ஏன் வெட்டினார்கள்? நுனியைக் குறைத்துத் தைத்திருக்கலாமே? மறுபடி கொழுந்து கிள்ள முடியுமா?

பதில்: நீங்கள் கொழுந்து கிள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா இவ்வளவு பாடும். இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளும்போது அழுத்தம் முழுக்க கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில்தானே விழுகிறது? அங்கே சதை வேண்டும். எலும்பைக் குறைத்துத் தைப்பதும் சரியான வைத்தியம்தான், சீக்கிரம் ஆறும். ஆனால் விரல் குட்டையாகும். நகம் கொக்கிபோல் வளையவும் கூடும். உங்கள் வேலைக்கு இந்த முடிவே நல்லது என்பேன்.

எலும்பு தெரியாத சின்னக் காயம் கட்டுப் போட்டாலே மூடிவிடும். வெறும் எலும்பின்மேல் வேறு இடத்துத் தோலை எடுத்து வைத்தால் ஒட்டாது, ரத்தம் கிடைக்காமல் செத்துவிடும். அதனால் நடுவிரலின் பின்பக்கத் தோலை, அடியிலுள்ள சதையோடு மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தை விட்டுவைத்து, புத்தகத்தில் தாளைத் திருப்புவதுபோல் திருப்பிக் காயத்தின்மேல் தைக்கிறார்கள். விட்டுவைத்த அந்த ஓரம் வழியாக நடுவிரல்தான் இப்போது ரத்தம் கொடுக்கிறது. இரண்டு, மூன்று வாரத்தில் ஆள்காட்டி விரலிலிருந்தே புது ரத்தக்குழாய்கள் வந்து சேரும். அப்புறம்தான் பிரிக்க முடியும். அவசரப்பட்டுப் பிரிக்கச் சொல்லாதீர்கள். நடுவிரலில் எடுத்த இடத்துக்கும் தோல் வைத்திருப்பார்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். கையைத் தொங்கவிடாமல் உயர்த்தியே வையுங்கள். ஒட்டிய தோல் வெளுத்தாலோ, கருநீலமானாலோ, நாற்றம் வந்தாலோ, வரச்சொன்ன தேதிவரை காத்திருக்காமல் அன்றே கோவை ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுங்கள்.

பிரித்த பிறகு மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து இரண்டு விரல்களையும் மடக்கி நீட்டிப் பழக்குங்கள், வலித்தாலும் விடாதீர்கள். இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், முன்புபோல் முழுசாக வராமலும் போகலாம். நம் மலைக் குளிரில் அந்த நுனி விறைக்கும், குத்தும். ஓரிரு வருடம்கூட அப்படி இருக்கலாம். உறைபனிக் காலத்தில் கம்பளிக் கையுறை போடுங்கள். அடுப்பிலோ நெருப்பிலோ மட்டும் கை காய்ச்சாதீர்கள்: மரத்த நுனிக்குச் சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும்.

கொழுந்து கிள்ளலாம். முதலில் வீட்டில் கீரை ஆய்ந்து பழகுங்கள்.