ட்ரெய்லரில் ஒரு குளிர்காலம்: மின்சாரத்தையும் தண்ணீரையும் முதலில் பாருங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் 24 அடி வீட்டு வண்டியான ட்ரெய்லருடன் டிசம்பர் முதல் மார்ச் வரை மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் உள்ள லொரேத்தோவில், இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு ட்ரெய்லர் பார்க்கில் தங்க எண்ணுகிறோம். அன்றாட வாழ்க்கைக்கு எதில் அதிகக் கவனம் வேண்டும்?"

பயணத்தைப் பற்றிய கவலையை விடவும், போய்ச் சேர்ந்த இடத்தின் மின்சாரத்தைப் பற்றிய கவலைதான் உங்களுக்கு இருக்க வேண்டும் என்பேன். மெக்சிகோவில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கனடாவின் 120 வோல்ட்டுக்கு நெருக்கமானது என்பதால் உங்கள் சாதனங்கள் அப்படியே இயங்கும். ஆனால் பழைய பார்க்குகளில் பல ட்ரெய்லர்கள் ஒரே மெல்லிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதால், எல்லோரும் சமைக்கும் மாலை வேளையில் மின்னழுத்தம் சரிந்துவிடும். ஒரு பார்க்கில் பகலில் 121 வோல்ட் காட்டிய, வோல்ட் அளக்கும் என் மல்டிமீட்டர், இரவு ஏழு மணிக்கு 98 காட்டியது. அழுத்தம் குறையும்போது ஏசியின் கம்ப்ரசர் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிக் கருகும். எனவே 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிட்டு, எரிவாயுவிலும் இயங்கக்கூடிய ட்ரெய்லர் குளிர்பெட்டியை எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள்.

அதைவிட ஆபத்தானது எர்த் கம்பி இல்லாத ப்ளக். உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் ட்ரெய்லரின் உலோக உடல் முழுவதிலும் மின்சாரம் ஏறி நிற்கும். குளித்துவிட்டு ஈரக் காலோடு தரையில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவருக்கு அது உயிராபத்து. மூன்று விளக்குகள் கொண்ட சிறிய சோதனைக் கருவியை முதலில் பார்க்கின் ப்ளக்கில் செருகிப் பாருங்கள். எர்த் இல்லை என்றோ, லைனும் நியூட்ரலும் மாறியிருக்கின்றன என்றோ அது காட்டினால், உங்கள் கேபிளைச் செருகாமல் வேறு இடம் கேளுங்கள். அழுத்தம் எல்லை மீறும்போது தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையும் கனடாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் ஒரு புதிய ஏசியின் விலையைவிடக் குறைவு. அங்கே மின்சாரத்துக்கு 'லுஸ்' என்பார்கள், அதாவது வெளிச்சம்; "செ ஃபுயே லா லுஸ்" என்று பக்கத்து ட்ரெய்லர்க்காரர் சொன்னால், கரண்ட் போய்விட்டது என்று பொருள். மாதக்கணக்கில் தங்குவோரிடம் மின்கட்டணத்தை மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவது பல இடங்களில் வழக்கம் என்பதால், வாடகை பேசும்போதே அதையும் கேட்டு, முதல் நாள் மீட்டர் அளவைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான். குடிக்கவும் சமைக்கவும் 'கர்ரஃபோன்' எனப்படும் 20 லிட்டர் கேன்களைத் தண்ணீர் சுத்திகரிக்கும் கடைகளில் நிரப்பிக்கொள்ளலாம்; 20 கிலோ கனத்தை இந்த வயதில் தூக்கிக் கவிழ்க்க வேண்டாம், கேனின் வாயில் பொருத்தும் சிறிய பம்ப் ஒன்று போதும். பச்சையாகச் சாப்பிடும் காய்களையும் கொத்தமல்லியையும் கழுவிய பிறகு, காய்கறிக் கிருமிநாசினித் துளிகள் விட்ட நீரில் ஊறவைப்பது அந்நாட்டு வீடுகளிலேயே உள்ள பழக்கம். கழிவுத் தொட்டியில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: பார்க்கின் சாக்கடையோடு குழாயை இணைத்ததும் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். நீர் ஓடிவிட, திடக்கழிவு மட்டும் உள்ளே தங்கி இறுகிப்போகும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை அந்த வால்வை மூடியே வையுங்கள்.

சமையலுக்கு அரிசி, மிளகாய், புளி, தேங்காய் எல்லாம் மெக்சிகோவில் கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் அமெரிக்காவிலேயே தடுத்துவிடுவார்கள்.

ஆவணங்களில், பாஹா தீபகற்பத்துக்குள் மட்டும் இருந்தால் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் சுற்றுலா அனுமதி கட்டாயம். அது 180 நாட்கள் வரை கிடைக்கக்கூடியது என்றாலும் எத்தனை நாட்கள் என்பதை அதிகாரியே எழுதுவார். எனவே உங்கள் நான்கு மாதத் திட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். எல்லையில் யாரும் நிறுத்தாமலே போய்விட முடியும் என்பதால், குடிவரவு அலுவலகத்தை நீங்களே தேடிப் போக வேண்டும். கனடாவின் வாகனப் பொறுப்புக் காப்பீடு அங்கே செல்லாது. மெக்சிகோ காப்பீட்டில் இழுக்கும் வண்டியையும் ட்ரெய்லரையும் இரண்டையும் குறிப்பிடுங்கள். பெரிய மருத்துவமனைகளுக்குச் சுமார் 350 கி.மீ. தொலைவில் உள்ள லா பாஸ் நகருக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், ஏற்கனவே உள்ள நோய்களுக்கும் பொருந்தும் பயணக் காப்பீட்டையும் நான்கு மாதத்துக்கான மருந்துகளையும் கையோடு வைத்திருங்கள்.

லொரேத்தோவுக்குப் போகும், 1973-இல் முழுமையடைந்த நெடுஞ்சாலை 1 பல இடங்களில் ஓரமே இல்லாத குறுகிய சாலை. இரவில் அதில் மாடுகள் நிற்கும். வழியிலுள்ள எல் ரொசாரியோ என்ற ஊரில் எரிபொருள் தொட்டியை நிரப்பாமல் தெற்கே கிளம்பாதீர்கள். அங்கிருந்து கெர்ரேரோ நேக்ரோ வரை சுமார் 350 கி.மீ. தூரத்துக்கு எரிபொருள் நிலையத்தை நம்ப முடியாது. கடைசி நாள் லொரேத்தோவை நண்பகலுக்குள் அடைந்துவிடுமாறு திட்டமிட்டால், ப்ளக்கைப் பகலில் ஒருமுறையும் மாலை ஏழு மணிக்கு ஒருமுறையும் சோதித்துவிட்டு, அதற்குப் பிறகு மாத வாடகையைக் கட்டலாம்.