கவலைப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லையா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். பெரும்பாலும் பெங்களூரா ரக மாமரங்கள். போன வருடம் மாங்கூழ் ஆலையில் கொடுத்த விலை பறிகூலிக்கும் லாரி வாடகைக்குமே சரியாகப் போனது. குத்தகைப் பணத்துக்காக வைத்த நகை இன்னும் வங்கியில் இருக்கிறது. இப்போது பூ நன்றாக வந்திருக்கிறது. ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை. ஜெபக்கூட்டத்தில் சொன்னால், கவலைப்படுவதே அவிசுவாசம், கர்த்தர்மேல் ஒருமுறை வைத்த பாரத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது என்கிறார்கள். நான் தினமும் வைக்கிறேன், விடிவதற்குள் எடுத்துவிடுகிறேன். எனக்கு விசுவாசம் இல்லையா? இன்னொன்று, மாங்காய்க்கு இன்ன விலை வேண்டும் என்று ஜெபத்தில் கேட்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அவிசுவாசம் எதுவும் என் கண்ணில் படவில்லை. கடன்தான் தெரிகிறது. உங்களுக்குப் புத்தி சொன்னவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதா என்று கேட்கத் தோன்றியது; வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்று பிலிப்பி சபையாருக்கு எழுதியபோது அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அடிபட்டது, கப்பல் உடைந்தது, பட்டினி கிடந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். பிலிப்பியர் நிருபத்திலேயே, சாகக் கிடந்து பிழைத்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்துவை ஊருக்கு அனுப்பிவைத்தால்தான் தன் துக்கம் குறையும் என்று எழுதுகிறார். உங்கள் ஜெபக்கூட்டத்தில் பவுல் எழுந்து சாட்சி சொன்னால் அவருக்கும் இதே புத்திமதிதான் கிடைத்திருக்கும்.

வைத்த பாரத்தைத் திரும்ப எடுக்கக் கூடாதாம். மத்தேயு 26-ஐ எடுத்துப் பாருங்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே என்ற இடத்தில் இயேசு போய் ஜெபிக்கிறார், திரும்பி வருகிறார், மறுபடியும் போகிறார். மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று எழுதியிருக்கிறது. ஒருமுறைக்கு மேல் கேட்பது குற்றமென்றால் அந்தக் குற்றத்தை அவரும் செய்திருக்கிறார். நீங்கள் தினமும் வைத்து, தினமும் எடுத்து, மறுபடியும் கொண்டுபோய் வைப்பதைத்தான் நான் ஜெபம் என்று நினைக்கிறேன்.

நம் சபைகளில் 23-ஆம் சங்கீதமும் 91-ஆம் சங்கீதமும் எல்லோருக்கும் மனப்பாடம். 88-ஆம் சங்கீதத்தின் பக்கம் யாரும் போவதில்லை. அது கதறலில் தொடங்கி இருளில் முடிகிறது; கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். 'என் பாரமெல்லாம்' என்று மூட்டையாகக் கட்டி வைக்காதீர்கள். பிரித்துச் சொல்லுங்கள். பூவில் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறது, மருந்தடிக்க ஆள் வரவில்லை. நகைக்கடனுக்கு வட்டி கட்டும் தேதி நெருங்குகிறது. காய் பறிக்கும் நேரத்தில் காற்றடித்தால் என்ன செய்வது? ஆலை வாசலில் லாரி நின்றுகொண்டே இருந்தால் காய் பழுத்து வீணாகுமே. இப்படி வாய்விட்டுச் சொல்லும்போதே தெரிந்துவிடும், முதல் இரண்டும் நாளைக் காலையில் நீங்கள் செய்யக்கூடியவை. மருந்தடியுங்கள், வங்கிக்குப் போய்த் தவணை கேளுங்கள். காற்றும் லாரியும் உங்கள் கையில் இல்லை. அவற்றைத்தான் கர்த்தர்மேல் வைக்க வேண்டும். அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்றபோது இயேசு பாடே இல்லை என்று சொல்லவில்லை. நாமோ ஜூன் மாதத்துப் பாட்டைப் பிப்ரவரி இரவுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

விலை பேச ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகளையும் ஆலைக்காரர்களையும் கூப்பிட்டால் உங்கள் வீட்டுக்காரரைக் கட்டாயம் அனுப்புங்கள். ஜெபம் செய்தவர் மனு கொடுக்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். பவுலின் கூட்டாளி லூக்கா வைத்தியர்தானே. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார்; விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளவில்லை.

கடைசியாக, விலை. தாராளமாகக் கேட்கலாம். எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்றுதான் இயேசுவே கற்றுக்கொடுத்தார். உங்கள் வீட்டு ஆகாரம் பெங்களூரா விலையில் இருக்கிறது. கெத்செமனேயிலும் அவர் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று தமக்கு வேண்டியதை முதலில் கேட்டுவிட்டுத்தான் 'உம்முடைய சித்தப்படி' என்றார். நாம் வெட்கப்பட்டு முதல் பாதியை விழுங்கிவிடுகிறோம். டன்னுக்கு எவ்வளவு கிடைத்தால் நகை வீட்டுக்கு வரும் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்தத் தொகையையே சொல்லிக் கேளுங்கள். பிலிப்பியர் 4-இல் பவுல் அடுத்துச் சொல்வது, தேவசமாதானம் உங்கள் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்பது. அங்கே விலைக்கு உத்தரவாதம் இல்லை, நானும் தர மாட்டேன். தருகிறேன் என்று யாராவது வந்தால், காணிக்கைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.