நாய் வாக்கிங் தொழில்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திருவான்மியூர் பக்கம் ஆறு வருடமாக நாய்களை வாக்கிங் கூட்டிப் போகிறேன். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் நாய், பூனை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். கேள்விக்கு முன்னால் ஒன்று. கழுத்துப் பட்டையை வீட்டுக்குள்ளேயே தொட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் நுழைந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

வேளச்சேரி வாசகி: முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது? நோட்டீஸ் அடிக்கலாமா?

நோட்டீஸ் வேண்டாம். வாட்ச்மேனிடம் பேசுங்கள். எந்த வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி லேப்ரடார் பின்னால் இழுபடுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். என் முதல் ஐந்து வீடும் ஒரே அபார்ட்மெண்டில் வந்தது அப்படித்தான். அடுத்தது பக்கத்துக் கால்நடை மருத்துவர். வீடு கிடைத்ததும் முதல் நாள் காசு வாங்காமல் அங்கே போய்த் தரையில் உட்காருங்கள், நாயைக் கூப்பிடாதீர்கள், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும். அதற்குள் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி: வண்டிச் சத்தத்துக்குப் பயப்படுமா, பூனையைத் துரத்துமா, யாரையாவது கடித்திருக்கிறதா? மூன்றாவதற்கு "சும்மா விளையாட்டுக்கு" என்று பதில் வந்தால் கடித்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம்: ஒரு நடைக்கு எவ்வளவு வாங்கலாம்?

நடைக்கு நடை வாங்காதீர்கள், மாதக் கணக்காக முன்பணம் வாங்குங்கள். உங்கள் ஏரியாவில் வீட்டு வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

வருட வரவு 20 லட்சம் தாண்டட்டும், அப்புறம் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஐடி வேலையில் இருக்கிறேன், மதியம் 1 மணிக்குத்தான் நேரம் கிடைக்கும்.

அப்படியென்றால் இந்தத் தொழில் வேண்டாம். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவும் சரியாக வராது. மே மாதத்தில் நான் காலை ஏழுக்குள் முடித்துவிடுவேன், சாயந்திர நடை இருட்டிய பிறகுதான்.

குரோம்பேட்டை: சார், நடைக்கு எவ்வளவு சார்ஜ் பண்ணலாம்?

தாம்பரத்துக்குச் சொன்னதுதான். சார் இல்லை, மேடம்.

நான்கு நாயை ஒரே நேரத்தில் கூட்டிப் போனால் லாபம்தானே?

தெருநாய் ஒன்று குறுக்கே வந்தால் நான்கு கயிறும் உங்கள் காலைச் சுற்றும். ஒரு கைக்கு ஒரு நாய், அதுவும் இரண்டும் ஒரே வீட்டு நாயாக இருந்தால்தான்.

கோவில்பட்டிக்காரன்: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை நாய். அதற்குக் கயிறு கட்டுவதே அவமானம். கூப்பிட்டால் வரும். நீங்கள் பட்டை பட்டை என்று பயமுறுத்துகிறீர்கள்.

அண்ணே, உங்கள் கரிசல் காட்டில் வரும். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் சாதி அது, முயல் அசைந்தால் பாயத்தான் அதை வளர்த்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் எதிர்ப்பக்கம் பூனை அசைந்தாலும் அதே பாய்ச்சல்தான், நடுவில் வருகிற பஸ் அதன் கண்ணில் படாது.

கோவில்பட்டிக்காரன்: அப்போ சாதாரணப் பட்டையே போதுமே, இவ்வளவு பேச்சு எதற்கு?

போதாது. உங்கள் நாயின் தலையையும் கழுத்தையும் நூல் வைத்து அளந்து பாருங்கள். தலை ஒல்லி. அது பின்னால் ஓர் எட்டு வைத்துத் தலையைக் குனிந்தால் சாதாரணப் பட்டை காது வழியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். என் இரண்டாவது மாதத்தில் அப்படித்தான் ஆனது. கையில் கயிறு, கயிற்று நுனியில் பட்டை, பட்டைக்குள் ஒன்றுமில்லை. நாற்பது நிமிடம் கழித்து மீன் கடை வாசலில் பிடித்தேன். வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டேன், அவர் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார், தப்பில்லை. இழுத்தால் இறுகும் அகலப் பட்டை ஒன்று, கூடவே ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்), இரண்டிலும் தனித்தனிக் கயிறு. ராஜபாளையம் நாய்க்கும் இதேதான்.

ராஜபாளையத்துக்காரர்: எங்கள் நாய்க்குத் தபால்தலையே போட்டிருக்கிறார்கள், அதை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?

2005-ல் போட்டார்கள், சந்தோஷம். தபால்தலையில் ஒட்டிய நாய் ஓடாது.

நடைக்கு எவ்வளவு...

மேலே போய்ப் படியுங்கள்.

பல்லாவரம்: கடித்தால் என்ன செய்வது? யார் பொறுப்பு?

பொறுப்பை அப்புறம் பேசலாம், முதலில் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். "நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று வீட்டுக்காரர் சொன்னாலும் போங்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கடி வாங்கும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், மூன்று ஊசி. பிறகு கடித்தால் கடித்த அன்றும் மூன்று நாள் கழித்தும் என இரண்டு ஊசியோடு முடியும். நான் போட்டிருக்கிறேன்.

பூனையும் பார்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கதவைத் திறக்கும்போது காலை முதலில் உள்ளே வைத்து வழியை மறியுங்கள். தினமும் பூனை மூத்திரம் போகும் மணல் தட்டைக் கிளறி ஈரக் கட்டிகளை எண்ணுங்கள். ஆண் பூனை தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் போன் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மூத்திரம் அடைத்தால் ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம்.