மறுப்புத் தெரிவிக்காதவர்கள் எல்லோரும் உறுப்பு தானத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்வது நியாயமா? நம் ஊருக்கும் அது வரலாமா?

நான் சிங்கப்பூரில் நிரந்தரவாசி, அதாவது நீங்கள் கேட்கும் சட்டத்துக்குள் ஏற்கெனவே வாழ்கிறவன். விலகல் படிவம் எதுவும் நான் கொடுக்கவில்லை. அதனால் நான் இறந்தால் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி நான்கையும் வேறொருவருக்குப் பொருத்துவதற்காக எடுக்கலாம். என் மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. எனக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் இதே சட்டத்தை நாளைக்கே தமிழ்நாட்டில் கொண்டுவரலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இங்கே சட்டம் வந்தது 1987-ல். முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும்தான். 2004-ல்தான் எந்தக் காரணத்தால் இறந்தாலும் என்று விரித்து, மற்ற மூன்று உறுப்புகளையும் சேர்த்தார்கள். முஸ்லிம்கள் ஆரம்பத்தில் இதில் இல்லை. 2007-ல் இஸ்லாமிய சமய மன்றம் இதை அனுமதித்து ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, தந்த பிறகு, 2008-ல் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். மொத்தத்தில் இருபது வருஷத்துக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாக வந்த சட்டம் இது.

என் சித்தப்பா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர். திரும்பி வந்தால் அன்று முழுக்கச் சோர்ந்து படுத்திருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே, நல்ல சிறுநீரகங்கள் எரிந்து சாம்பலாவது சரிதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பலன் நல்லது என்பதால் மட்டும் ஒருவர் உடம்பில் அரசாங்கம் கை வைத்துவிட முடியாது. "அவர்தான் மறுப்பு எதுவும் சொல்லவில்லையே" என்ற வாதமும் பலவீனமானது. 2003-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், தானத்துக்கு ஒப்புக்கொண்டவர்களாகக் கணக்கில் வருகிறவர்கள் ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம், ஜெர்மனியில் 12 சதவீதம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மொழி. ஆஸ்திரியாக்காரர்களுக்கு மட்டும் மனசு எட்டு மடங்கு பெரிதா என்ன? ஆஸ்திரியாவில் சேராமல் இருக்கப் படிவம் நிரப்ப வேண்டும், ஜெர்மனியில் சேரப் படிவம் நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் எந்தப் படிவத்தையும் தொடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இதைத் தானம் என்று சொல்வதை விட, சமுதாயம் நம் மேல் வைக்கும் ஒரு கடமை, வேண்டாதவர் விலகிக்கொள்ள வழி உள்ள கடமை என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை. அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். அந்த வழி எல்லோருக்கும் தெரியுமா? சுலபமாகப் போக முடியுமா? போனால் தண்டனை உண்டா?

சிங்கப்பூரில் முதல் இரண்டுக்கும் பதில் திருப்தியானது. என் மகனுக்கு 21 வயது நெருங்கியபோது சுகாதார அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுதான். நான்கில் எது வேண்டாமோ அதை மட்டும் விலக்கலாம் என்பது என் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. "கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது" என்றாள். காரணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. ஓர் உறுப்பை விலக்கியவருக்கு அதே உறுப்பு பின்னால் தேவைப்பட்டால், காத்திருப்புப் பட்டியலில் அவர் பின்னுக்குப் போவார். மனம் மாறித் திரும்பச் சேர்ந்தாலும் இரண்டு வருஷம் கழித்துத்தான் சம இடம். கொடுக்காதவன் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள், அந்தக் கோபம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மருத்துவம் தேவையைப் பார்த்துத் தர வேண்டியது. 2008-க்கு முன்னால், தானாகப் பதிவு செய்துகொள்ளாத முஸ்லிம் நோயாளியும் இப்படித்தான் பின்னுக்கு நின்றார். அவர் எதையும் மறுத்தவரே இல்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் குடும்பம். 2007-ல் இங்கே மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறவினர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மருத்துவர்கள் முன்னால் மண்டியிட்டு அழுதார்கள். மருத்துவர்கள் ஏற்கெனவே ஒரு நாள் பொறுத்திருந்தார்கள். இதற்கு மேல் தாமதித்தால் உறுப்புகள் கெட்டுவிடும் என்ற நிலை. நான் மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் குடும்பத்துக்கு எந்தப் பங்கும் தராத சட்டத்தைக் குறை சொல்வேன்.

ஸ்பெயினைப் பாருங்கள். அங்கே 1979-லிருந்தே இதே மாதிரி சட்டம் உண்டு. ஆனால் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டம் வந்து பத்து வருஷம் கழித்து, 1989-லும் பத்து லட்சம் பேருக்கு 14 கொடையாளர்கள்தான். அந்த வருஷம் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கி, மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர்களை நியமித்தார்கள். பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களே. துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். 2017-ல் அந்த எண்ணிக்கை 46-ஐத் தாண்டியது. பிரேசில் 1997-ல் சட்டத்தை மட்டும் போட்டது. பயந்துபோன ஜனங்கள் "கொடையாளர் அல்ல" என்று அடையாள அட்டையில் பதிய ஓடினார்கள். அடுத்த வருஷமே அரசு பின்வாங்கியது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அங்கே மூளைச்சாவு அடைகிறவர்களில் சாலை விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்கள் நிறைய. கட்டட வேலைக்குப் பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒரு பையனுக்கு விலகல் படிவம் என்று ஒன்று இருப்பதை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அரசு மருத்துவமனைகளிலும் மாற்று அறுவை நடக்கிறது, உண்மைதான். ஆனாலும் தனியார் மருத்துவமனையில் பெரிய தொகை கட்ட முடிந்தவருக்கே வாய்ப்பு அதிகம். தெரியாத ஏழையிடம் கேட்காமல் எடுத்து, வசதி உள்ளவருக்குப் பொருத்தினால், அதற்கு ஒப்புதல் என்று எப்படிப் பெயர் வைப்பது?

1994 சட்டப்படி இந்தியாவில் குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததே, அது எனக்குச் சரியான திசையாகப் படுகிறது. அடுத்ததாகச் செலவு செய்ய வேண்டியது மாவட்ட அரசு மருத்துவமனைகளில். மூளைச்சாவை நேரத்தோடு கண்டறிய வசதியும், அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசப் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆளை நியமிக்காமல் சட்டத்தை மட்டும் மாற்றுவதாக இருந்தால், நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.