கல் பதித்தவரின் பாக்கி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. சென்னையில் மென்பொருள் வேலை. போன மாதம் பள்ளித் தோழிகள் கூடியபோது ஒருத்தி கேட்டாள்: "பத்து வயசுல இருந்த நீ, இப்ப இருக்கிற உன்னைப் பார்த்தா எதுக்குப் பெருமைப்படுவே?" மற்றவர்கள் மளமளவென்று சொன்னார்கள். எனக்கு வார்த்தையே வரவில்லை. ஃபிளாட் இருக்கிறது, கார் இருக்கிறது. பர்மாவுக்கு வட்டிக்கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகப் போய், கடையை நடத்தும் மேலாள் ஆன என் பாட்டையா கட்டிய வீட்டில், எங்கள் பங்கைப் பழுதுபார்த்துப் பழையபடியே தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறேன். (பதித்தவர் 14,000 ரூபாய் பாக்கிக்கு இரண்டு மாதமாகப் போன் போட்டு நச்சரிக்கிறார், அது வேறு கதை.) காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் தொடங்கிய கல்லூரியில் படித்துவிட்டு, அவர் செய்ததில் ஒரு துளிகூட நான் செய்யவில்லையே என்றிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா?

மெ.

அன்புள்ள மெ.,

செட்டிநாட்டு வழக்கப்படி, மரியாதைக்கு உங்களை ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். என் மகள் வயது என்பதால் பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

ஊருக்கு வருவதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். தோழிகளின் பட்டியலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மூன்று நாளாக அதுதான் மனசில் கிடந்து அறுக்கிறது.

என் அப்பா ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் கல் ஊற்றியவர். கண்ணாடியைத் துடைத்து அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார். சட்டத்துக்குள் பூ அச்சு. வண்ணப்பொடி கலந்து கரைத்த சிமெண்ட் குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் ஊற்றுவார். ஓர் அறையில் சிவப்பு, அடுத்ததில் மஞ்சள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேர்மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பி, கரணையால் சமன் செய்வார். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறிக் காய்வதுதான். கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போது கல்லின் முகம் பளபளவென்றிருக்கும். அப்பாவின் விரல் நுனியையோ சிமெண்ட் தின்றிருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார்.

1974-ல் எனக்குப் பத்து வயது. அப்பா காய்ச்சலில் கிடந்தார். இரண்டு வாரக் கூலி வரவேண்டியிருந்தது. வாங்கிவர என்னை முதலாளி வீட்டுக்கு அனுப்பினார்கள். முகப்பில் தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலுக்குக் கீழே கிடந்தது அப்பா ஊற்றிய கல். ஒரு மஞ்சள் பூவின் ஓரத்தில் அவர் கை ஆடிய இடம் எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றேன். ஒருவரும் என்னை வையவில்லை. ஆச்சி ஒரு தட்டில் இரண்டு வெள்ளைப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலாளி வெளியே வந்து, "நாளைக்கு வாப்பா" என்றார். நான்கு நாள் நடந்தேன். நான்காம் நாள் பாதி கிடைத்தது.

நல்ல மனிதர்கள் அவர்கள். பையனுக்குப் பசிக்கும் என்று தெரிந்த வீடு அது. அந்தப் பையன் ஏன் வந்து நிற்கிறான் என்பது மட்டும் அவர்கள் மனசில் தைக்கவில்லை. நீங்களும் நல்லவர்தான், அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

புத்தகங்கள் எழுதினேன், இரண்டொரு விருதும் வந்தது. தூணைப் பிடித்து நின்ற பையனிடம் அதையெல்லாம் காட்டினால் அவனுக்கு என்ன விளங்கும்? என் வீட்டில் வேலை செய்த யாரும் கூலிக்காக இரண்டாம் தடவை வாசலுக்கு வந்ததில்லை என்று சொன்னால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். கிணறு தூர்வாரியவர், தேங்காய் பறித்தவர், கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்து கொடுத்த பெண், எல்லோருக்கும் வேலை முடிந்த அன்றைக்கே காசு. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தவருக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், அடகு வைத்துக் கொடுத்தோம். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழகப்பரை இதில் இழுக்காதீர்கள். 1909-ல் கோட்டையூரில் பிறந்தவர், 48 நிறையும் முன்பே போய்விட்டார். 1947-ல் கல்லூரி தொடங்கினார். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அவ்வளவு பெரிய கையைப் பார்த்து மலைத்துப்போய் நாம் சும்மா இருந்துவிடுகிறோம். கொடை அவரவர் மனசு. கூலி அப்படியல்ல. கடைசிக் கல்லைப் பதித்துவிட்டு அந்த மனிதர் எழுந்த நேரத்திலிருந்து அந்த 14,000 அவருடைய பணம், உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். பாட்டையா இருந்த வட்டிக்கடைப் பேரேட்டில் இதைக் கொடுக்கவேண்டிய பக்கத்தில் எழுதியிருப்பார்கள். 'நச்சரிக்கிறார்' என்று எழுத அதில் இடம் கிடையாது. தன் பணத்தைக் கேட்கிறவரை அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்து வயதில் நீங்கள் எதற்குப் பயந்தீர்கள், எதற்காக அழுதீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அது தெரியாமல் அந்தப் பெண் எதற்குப் பெருமைப்படுவாள் என்று நான் எப்படிச் சொல்ல? யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே பணத்தை அனுப்பிவிடுங்கள். காலையில் நீங்களாகவே அவருக்குப் போன் செய்து, "அண்ணே, தாமதமாயிருச்சு, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். ஊருக்குத் திரும்புவதைப் பற்றி அப்போது பேசுவோம்.