பழைய பாணி ஸ்கோப்பை ஜீரோ செய்வது: கேள்வி பதில்

ஜீரோ செய்வது என்றால், துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: மவுண்டை (ஸ்கோப்பை வளையங்களால் துப்பாக்கியோடு பிடிக்கும் தாங்கி) பார்க்காமல், கோட்டை நகர்த்தும் ஸ்கோப் திருகில் நேராகக் கை வைப்பது. அதனால் முதல் பதில் நீளம்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, பழைய 4 மடங்கு ஸ்கோப் ஒன்று கிடைத்தது. உள்ளே பார்த்தால் குறுக்குக் கோடு நடுவில் இல்லை, கீழே இடது ஓரத்தில் நிற்கிறது. கெட்டுப்போனதா?

கெடவில்லை தம்பி. இப்போதைய ஸ்கோப்களில் திருகை எவ்வளவு திருப்பினாலும் கோடு பார்வைக்கு நடுவிலேயே இருக்கும், பழைய பாணியில் கோடே கண்ணுக்குத் தெரிய நகரும். கொஞ்சம் விலகியிருந்தால் அப்படியே சுடலாம். ஓரத்துக்கே போய்விட்டது என்றால் மவுண்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். திருகுகளை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றிப் பார்த்துக் கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் போல்ட் ரைபிள் (கைப்பிடி உள்ள போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) என்றால் தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, ரேஞ்சில் போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, குழல் வழியே 25 மீட்டரில் உள்ள அட்டையின் நடுப்புள்ளியைப் பிடியுங்கள். ஸ்கோப்பின் கோடு அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதை மவுண்டிலேயே தீர்க்க வேண்டும். கோடு புள்ளிக்கு மேலே நின்றால் குண்டு கீழே விழும், அப்போது பின் வளையத்துக்கு அடியில் மெல்லிய தகடு; கோடு கீழே நின்றால் குண்டு மேலே போகும், அப்போது முன் வளையத்துக்கு. பக்கவாட்டுக்கு மவுண்டின் பக்கத் திருகுகள். பழைய ஜெர்மன் ஸ்கோப்கள் பலவற்றில் உயரத்துக்கு மட்டும்தான் திருகு இருக்கும், பக்கவாட்டு வேலை முழுக்க மவுண்டுடையது. இவ்வளவும் ஒரு தோட்டா கூடச் செலவில்லாமல் முடியும்.

மேலூரிலிருந்து: என் ஸ்கோப்பில் கிளிக் சத்தமே இல்லை. எவ்வளவு திருப்புவது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கணக்கே வேண்டாம். நிதானமாக மூன்று குண்டு சுடுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, அட்டையின் நடுவைக் குறிபார்த்தபடி மூட்டைகளுக்கு நடுவே இறுக்கி வையுங்கள். ஒருவர் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் திருகைத் திருப்பி, கோட்டை அந்த மூன்று ஓட்டைகளின் நடுவுக்கு நகர்த்தட்டும். வேலை முடிந்தது, மறுபடி மூன்று சுட்டுச் சரிபாருங்கள். கிளிக் (திருகு ஒரு படி நகரும் சத்தம்) உள்ளவர்களுக்கு: ஒரு நிமிடக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர், 25 மீட்டரில் சுமார் 7. கால் நிமிடக் கிளிக் என்றால் 25 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆகவே 4 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் சுமார் 22 கிளிக். பழைய ஸ்பிரிங் சோம்பலாக இருக்கும், திருகியதும் உடனே நகராது. வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: ஏர் ரைபிளில் போட்டிருக்கிறேன். 10 மீட்டரில் கண்ணை அசைத்தால் கோடும் அசைகிறது.

அது பாரலாக்ஸ். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை, 10 மீட்டரில் மங்கலாகவும் தெரியும். கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்து, கண்ணை நடுவில் நிறுத்திச் சுடுங்கள். இன்னொன்று முக்கியம்: ஸ்பிரிங் ஏர் ரைபிள் பின்னாலும் முன்னாலும் இரண்டு முறை உதைக்கும், சாதாரண ஸ்கோப்பின் உட்பாகங்கள் அதைத் தாங்காது. ஏர் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப் வாங்குங்கள், மவுண்ட் பின்னால் நழுவாமல் தடுப்பு முளையும் போடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: தாத்தாவின் .315 ரைபிள், லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. தோட்டத்து வரப்பில் வைத்து ஜீரோ செய்யலாமா?

கூடவே கூடாது சார். வரப்புக்கு அந்தப் பக்கம் யார் ஆடு மேய்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, அந்தக் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். பின்னால் உயரமான மண் அணை உள்ள ரைபிள் கிளப் ரேஞ்சில் மட்டும் செய்யுங்கள். முயல், பன்றி என்ற பேச்சும் வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள், உதையில் புருவம் கிழியும்.

மதுரை, அண்ணா நகர்: காலையில் சரியாக விழுகிறது, மதியம் மேலே போகிறது. ஸ்கோப் பழுதா?

சித்திரை வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் குறியையே தூக்கிக் காட்டும், குழலும் சூடேறியிருக்கும். காலை 8 மணிக்குள் ஜீரோவை முடித்துவிடுங்கள், மூன்று குண்டுக்கு ஒருமுறை குழலை ஆறவிடுங்கள். அப்படியும் நகர்ந்தால் மவுண்ட் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.